கணப்பு: பழைய வீடுகளில் குளிர்காப்பு

சுவரில் குழிவாகக் கட்டப்பட்டு, மேலே புகைபோக்கியோடு இணைந்து, முன்பக்கம் திறந்திருக்கும் நெருப்பிடம் கணப்பு. இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குளிர்காலத்தில் வீட்டுக்குச் சூடு தந்தது பெரும்பாலும் இதுவே. அந்நாட்டுப் பழைய வீடுகளில் சன்னல் இடுக்கு, கதவடி, தரைப்பலகைச் சந்து என எல்லா வழியாகவும் வாடை புகும். அதைக் கட்டடத்தின் குறையாகவும், கணப்பை அதற்கான மருந்தாகவும் சொல்வது வழக்கமாகிவிட்டது. கிடைக்கும் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. அந்த வாடையை வீட்டுக்குள் இழுத்ததில் கணப்புக்கே பெரும்பங்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு குளிரைத் தாங்கியவர்கள் வீட்டைச் சூடாக்கிப் பிழைக்கவில்லை. உடம்பைச் சுற்றிச் சிறு சிறு அடைப்புகளை உண்டாக்கிக்கொண்டு பிழைத்தார்கள்.

இடைக்காலத்து ஆங்கில வீட்டில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு எரியும். புகை கூரை வரை எழுந்து, முகட்டில் விட்ட திறப்பு வழியே மெல்ல வெளியேறும். கண் எரிந்தது, உத்தரம் கறுத்தது. ஆனால் நெருப்பின் சூடு நான்கு பக்கமும் பரவி, ஓரளவு வீட்டுக்குள்ளேயே தங்கியது. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி ஊர்தோறும் பரவியது. 1577இல் இங்கிலாந்தைப் பற்றி விரிவாக எழுதிய வில்லியம் ஹாரிசன், தம் காலத்தில் புகைபோக்கிகள் பெருகியதைக் கிழவர்கள் வியந்து பேசியதைப் பதிவுசெய்கிறார். பழைய புகையே மரத்தையும் மனிதரையும் உறுதியாக்கியது என்ற நம்பிக்கையும் அவர் நூலில் இடம்பெறுகிறது. நுரையீரலைப் பொறுத்தவரை அது தவறு. சூட்டைப் பொறுத்தவரை முற்றிலும் தவறென்று சொல்ல முடியாது. கணப்பு செல்வத்தின் அடையாளமாகவும் ஆனது. 1662 முதல் 1689 வரை ஒரு நெருப்பிடத்துக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வீதம் அரசு வரி வாங்கியது. அந்த வரிப் பட்டியல்களே இன்று அக்காலத்து வீடுகளின் அளவை அறிய வரலாற்றாசிரியர்களுக்குத் துணைபுரிகின்றன. கணப்புகளின் எண்ணிக்கை கூடியதால் குளிர் குறைந்துவிடவில்லை. பிரான்சிலும் இதே கதைதான். பெரிய பெரிய பளிங்குக் கணப்புகள் எரிந்த வெர்சாய் அரண்மனையில், 1695ஆம் ஆண்டுக் குளிரில் அரசரின் சாப்பாட்டு மேசையிலேயே மதுவும் தண்ணீரும் கோப்பையில் உறைந்தன.

காரணம் எளியது. சூடான காற்று புகைபோக்கி வழியே மேலேறும்போது, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். நன்றாக எரியும் திறந்த கணப்பு ஒரு மணி நேரத்துக்குள் அறைக்காற்று முழுவதையும் பலமுறை வெளியே தள்ளிவிடும். நெருப்பு ஓங்க ஓங்கச் சன்னல் இடுக்கில் வாடையும் ஓங்கும். விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி வானத்துக்குப் போக, நெருப்பை நோக்கிய பக்கத்துக்கு மட்டும் கதிர்வீச்சாகக் கொஞ்சம் மிஞ்சும். முன்பக்கம் வறுபட முதுகு உறையும் இந்த நிலையை 1744இல் பெஞ்சமின் பிராங்ளின் தம் இரும்பு அடுப்பைப் பற்றிய சிறுநூலில் எடுத்துக்காட்டினார். ரம்ஃபோர்டு பிரபு என அறியப்படும் பெஞ்சமின் தாம்சன் 1796இல் வெளியிட்ட கட்டுரையில் கணப்பின் வடிவத்தையே திருத்தினார். ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்து வெப்பம் அறைக்குள் தெறிக்கச் செய்தார், புகைபோக்கியின் தொண்டையை ஏறக்குறைய 4 அங்குலமாகச் சுருக்கினார். வெப்பத்தை விழுங்கியது நெருப்பல்ல, அந்த அகலத் தொண்டையே என்று கண்டுகொண்டது அவருடைய பெரிய பங்களிப்பு. சுவீடன் இன்னும் துணிந்தது. விறகுத் தட்டுப்பாட்டால் 1767இல் அரசு ஏற்பாட்டில் குரோன்ஸ்டெட், விரேடு என்ற இருவர் ஓட்டு அடுப்பைச் செப்பனிட்டார்கள். புகை பல வளைவுகளில் ஏறி இறங்கி, சூட்டைச் செங்கல்லிடம் விட்டுவிட்டுத்தான் வெளியேறும். சிறிது நேரம் எரித்தால் பல மணி நேரம் இதமாக இருக்கும்; வாயை மூடிவிடலாம் என்பதால் காற்றையும் இழுக்காது. இத்தகைய வழி கண்ணெதிரே இருந்தும், ஆங்கிலேயர் திறந்த நெருப்பை விடவில்லை.

அவர்களுக்காகச் சொல்லப்படும் வாதங்கள் இரண்டு. கணப்பு அறையின் கெட்ட காற்றை அகற்றி ஈரத்தையும் போக்கியது என்பது ஒன்று. இதில் உண்மை இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர்கள் உலர்வாக நின்றதற்கு ஓயாத காற்றோட்டமும் ஒரு காரணம். ஆனால் அதற்குச் சிறு திறப்பே போதும். எரியும் நெருப்பின் உறிஞ்சல் தேவையில்லை. மற்றது, இடுக்குகளை அடைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது. இது நிற்காது. இடுக்குகளை நன்றாக அடைத்த அறையில் காற்று போதாமல் புகை உள்ளே திரும்பும். கசியும் வீடும் கணப்பும் சேர்ந்தே இயங்கின. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் திருத்த வழியில்லை.

எனவே மக்கள் அறைக்குள் அறை கட்டினார்கள். நான்கு கால் கட்டிலின் கனத்த திரைகள் இன்று அலங்காரமாகத் தெரிகின்றன. அன்று அவை தூங்குபவரின் மூச்சுச் சூட்டைக் காத்த சுவர்கள். பிரித்தானி, நெதர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளில் கதவு வைத்த பெட்டிக் கட்டிலே இருந்தது. உயர்ந்த முதுகுப்பலகை கொண்ட நீள இருக்கையும், இருபுறமும் காது வைத்த சாய்வு நாற்காலியும் முதுகில் வாடை படாமல் தடுத்தன. சுவரில் தொங்கிய கம்பளத் திரை குளிர்ந்த கல்லை மறைத்தது. படுக்கையைச் சூடாக்க, கங்கு நிரப்பிய பித்தளைத் தட்டு. டச்சுப் பெண்கள் பாவாடைக்கடியில் துளையிட்ட மரப்பெட்டியில் கங்கை வைத்துக் கால்களைச் சூடாக்கினர். ஓவியர் வெர்மீர் வரைந்த பால்காரி ஓவியத்தில் அந்தப் பெட்டி தரையில் கிடப்பதைக் காணலாம். காஷ்மீரில் நீள அங்கிக்குள் காங்கிரி என்னும் கங்குச் சட்டியைச் சுமப்பதும், ஜப்பானில் அடியில் சூடு வைத்த கொடாட்சு மேசையின் போர்வைக்குள் கால் நீட்டுவதும் இதே வகை. விறகு குறைந்த நாடுகளே இந்தக் கலையில் முன்னேறின என்பது தற்செயல் அல்ல.

ஆங்கிலேயர் கணப்பை நீலகிரிக்கும் கொண்டுவந்தனர். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகமண்டலத்தில் கட்டிய ஸ்டோன்ஹவுஸ், மலைமக்கள் வாயில் கல் பங்களா, இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதைத் தொடர்ந்து எழுந்த பங்களாக்கள் உயர்ந்த கூரை, அகன்ற சன்னல், அறைக்கொரு கணப்பு என ஏப்ரல், மே பருவத்துக்கு வருவோரை மனத்தில் வைத்து அமைந்தவை. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியை அங்கே கழித்தவர்களின் வசதி அவற்றில் குறைவு. அக்கம்பக்கத்திலேயே மலைப் பழங்குடியினரான தோடரின் குடில் இருந்தது. மூங்கிலும் பிரம்பும் வளைத்து, புல் வேய்ந்து, சன்னலே இல்லாமல், தவழ்ந்து நுழையும் அளவுக்குச் சிறு வாசல் வைத்த அந்தக் குடில் 2,200 மீட்டர் உயரத்துக் குளிருக்கு பங்களாவைவிடப் பொருத்தமானது. உள்ளே நிறையும் புகையே அதன் குறை. பங்களாக்களின் பசிக்குச் சோலைகள் விறகாயின. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் ஆஸ்திரேலியச் சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டன; இன்று மலையின் முகத்தையே அவை மாற்றிவிட்டன.

1952ஆம் ஆண்டு லண்டன் நச்சுப்புகைக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டமும், 1970கள் முதல் பரவிய குழாய்வழி வெப்பமும் பிரிட்டனில் கணப்பை ஓய்வுக்கு அனுப்பின. பயன்படாத புகைபோக்கியைச் சிறு காற்றுத்துளை விட்டு அடைப்பதே இப்போது முறை. நம் மலைவாழிடங்களின் பழைய பங்களாக்களில் மின் சூடேற்றிகளே பெரும்பாலும் எரிகின்றன. கணப்பு அணைந்த அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். கங்கு இருக்கும் அறையில் சன்னலை முழுக்க மூடாதீர்கள். படுக்கும்முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள்.