எம்.ஜி.பி. காரைத் தாழ்த்தல்: ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்திலுள்ள அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரையில் உற்பத்தி செய்யப்பெற்று, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் பரவிய ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினும் 91 அங்குலச் சக்கர இடைத்தூரமும் கொண்ட இக்காரின் உடலைத் தரைக்கு அருகே இறக்கி, வளைவுகளில் அது சாயும் சாய்வைக் குறைக்கும் பொருட்டு அதன் ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் மாற்றியமைப்பதே தாழ்த்தல் எனப்படுவது. ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குவது. ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் ஊசலாட்டத்தை அடக்குவது. ஆதலின், ஸ்பிரிங்கின் வலிமையை நிச்சயித்த பின்னரே அதற்கு இசைந்த ஷாக் அப்சார்பரைத் தேடுதல் முறையாகும்.

பூர்வ சரித்திரம்

ஸ்பிரிங்கின் நீட்சி அதன்மேல் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதமாக அமையும் என்னும் நியதியை ராபர்ட் ஹூக் 1678ஆம் ஆண்டில் நூல் வடிவில் வெளியிட்டார். அந்நியதி வண்டிச் சக்கரத்துக்கு முழுமையாகப் பயன்பட நெடுங்காலம் சென்றது. லண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீள்வட்டப் பட்டை ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்று, முன் அச்சையும் பின் அச்சையும் இணைத்துவந்த கனத்த நடு உத்திரத்தின் தேவையை நீக்கினார். குதிரை வண்டியின் வேகத்தில், பட்டைகள் ஒன்றன்மேலொன்று உரசுவதால் எழும் தடையே ஊசலாட்டத்தை அடக்கப் போதுமானதாயிருந்தமையால், தனியாக ஓர் அடக்கி வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றவில்லை.

மோட்டார் வாகனத்தின் வேகம் அந்நிலையை மாற்றியது. பிரான்ஸில் ட்ரூஃபோ என்பார் அமைத்த உராய்வு அடக்கியை, அமெரிக்காவின் எட்வர்டு ஹார்ட்ஃபோர்டு 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விற்பனைக்குரிய சரக்காக்கினார். கத்தரிக்கோல் போன்ற இரண்டு கரங்கள் கூடும் இடத்தில் உராய்வுத் தட்டுகளை வைத்து நெருக்கி முடுக்குவதே அதன் அமைப்பு. அசைவு தொடங்கும் கணத்தில் அதன் தடை மிகுந்தும், அசைவின் வேகம் கூடும்போது தடை கூடாமலும் இருப்பது அதன் பெருங்குறை; சிறு மேடுகளில் விறைத்து நிற்கும் அச்சாதனம் பெரும் பள்ளங்களில் வலுவிழந்து போயிற்று. எண்ணெயைச் சிறு துவாரத்தின் வழியே நெருக்கித் தள்ளும் அடக்கியிலோ, அசைவின் வேகத்துக்கேற்பத் தடையும் வளர்கிறது. பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஹூதை இவ்வுண்மையைக் கொண்டு நெம்புகரம் உடைய எண்ணெய் அடக்கியை உருவாக்கினார். எம்.ஜி.பி.யில் பொருத்தப்பெற்ற ஆம்ஸ்ட்ராங் ஷாக் அப்சார்பரும் இந்த நெம்புகரக் குடும்பத்தைச் சார்ந்ததே: கரம் அசையும்போது உள்ளிருக்கும் இரண்டு பிஸ்டன்கள் மாறி மாறி எண்ணெயை வால்வுகள் வழியே செலுத்துகின்றன.

ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மோரிஸ் ஆலி, முன் ஸ்பிரிங்குகள் பின் ஸ்பிரிங்குகளைவிட மெதுவாக ஊசலாடினால் காரின் உடல் முன்னும் பின்னுமாக ஆடாமல் விரைவில் சமநிலை பெறும் என்பதைக் காட்டினார். முன் சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் முறை இதன்பின் வேகமாகப் பரவியது. பிற்காலத்தில் மினி காரைப் படைத்துப் புகழ் பெற்ற அலெக் இஸிகோனிஸ், மோரிஸ் நிறுவனத்தில் இருந்தபோது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னரே இத்தகைய சுருள் ஸ்பிரிங் அமைப்பொன்றைத் திட்டமிட்டார். யுத்தத்தால் தடைப்பட்ட அவ்வமைப்பு, 1947இல் எம்.ஜி. 'ஒய்' ரகத்தில் வெளிவந்து, 'டி.டி.', 'டி.எஃப்.' ரகங்களின் வழியாக 1955இல் எம்.ஜி.ஏ.வை அடைந்து, அங்கிருந்து சிட் எனெவரின் மேற்பார்வையில் உருவான எம்.ஜி.பி.க்கு வந்து சேர்ந்தது. மேல்கரத்தின் ஸ்தானத்தில் ஷாக் அப்சார்பரின் நெம்புகரமே நின்று, சக்கரத்தைத் தாங்குதல், ஊசலாட்டத்தை அடக்குதல் என்ற இரு காரியங்களையும் ஒருங்கே செய்வது இவ்வமைப்பின் தனிச்சிறப்பு.

ஸ்பிரிங்கைத் தேர்தல்

முன்புறம் சுருள் ஸ்பிரிங்கும், பின்புறம் அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ளன. சுருள் ஸ்பிரிங்கின் வலிமை கம்பியின் விட்டத்தினுடைய நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆகவே கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தால் வலிமை 46 சதவீதம் கூடிவிடும். இயங்கும் சுற்றுகள் குறையினும் வலிமை கூடும். எட்டுச் சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெடுத்தால் அது 14 சதவீதம் கடினமாகிவிடுவதோடு, முனையின் தட்டையான இருக்கையும் கெட்டு ஸ்பிரிங் தன் குழியில் சரிவர அமராமற்போகும். அறுத்துத் தாழ்த்துதல் எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

நின்ற நிலையில் பாரத்தால் ஸ்பிரிங் எவ்வளவு அமிழ்கிறது என்பதே அதன் ஊசலாட்ட வேகத்தை நிர்ணயிக்கிறது. சக்கரத்தினிடத்து அளந்த அமிழ்வு 250 மில்லிமீட்டரானால் உடல் நிமிஷத்துக்குச் சுமார் 60 தடவையும், 160 மில்லிமீட்டரானால் சுமார் 75 தடவையும், 100 மில்லிமீட்டரானால் சுமார் 95 தடவையும் ஊசலாடும். கடைசி எண் பந்தயத் தடத்துக்கு நெருங்கியது. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு உகந்ததன்று. கூரையுடன் கூடிய ஜி.டி. ரகம் 1965இல் வெளிவந்தபோது, அதன் மிகுந்த பாரத்துக்கேற்ப வலிய ஸ்பிரிங்குகளே இடப்பட்டன. திறந்த காருக்கு அவற்றைப் பூட்டுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளவேண்டும். பின்புறத்தில், வளைவு குறைத்து அடிக்கப்பெற்ற புதுப் பட்டைகளே சிறந்தவை. அச்சுக்கும் பட்டைக்கும் இடையே கட்டை செருகித் தாழ்த்தும் முறை மலிவாயினும், எஞ்சினின் முறுக்கத்தால் பட்டை வளைந்து நெளியும் போக்கை அது மிகுவிக்கிறது.

தாழ்த்தும் அளவு

பழைய ஸ்பிரிங்குகள் தாமே தளர்ந்து கார் ஏற்கெனவே தாழ்ந்திருத்தல் பெரும்பாலும் நிகழ்வதால், சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்துகொள்வதே முதற்காரியம். 1974இன் பிற்பகுதிக்கு முன் வந்த குரோமிய பம்பர் கார்களுக்கு ஓர் அங்குலமே மேல் வரம்பாகும். அதற்கு மேல் இறங்கினால், கீழ்க்கரங்களின் கோணம் மாறி, சாய்வு மையம் (வளைவில் உடல் எப்புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) ஈர்ப்பு மையத்தைக் காட்டிலும் விரைந்து தாழ்ந்துவிடும். அவ்விரண்டின் இடைவெளி பெருகுவதால், தாழ்த்தப்பெற்ற கார் முன்னிலும் அதிகமாகச் சாய முற்படும். இறுதித் தடை ரப்பரில் அச்சு மோதும் தூரமும் குறைந்துபோகும்.

அமெரிக்காவின் பம்பர், முகவிளக்கு உயரச் சட்டங்களை நிறைவேற்றும் பொருட்டு 1974இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் பூட்டப்பெற்ற கார்கள் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்த்தப்பட்டன. 1975ஆம் ஆண்டு ரகத்தில் உடலின் சாய்வைத் தடுக்கும் முன் ஆன்டி ரோல் பாரும் நீக்கப்பட்டதால் அக்காரின் நிலைத்தன்மை பெரிதும் கெட்டது. 1977ஆம் ஆண்டு ரகத்திலேதான் முன்னும் பின்னும் பார்கள் இடப்பட்டுக் குறை ஓரளவு தீர்ந்தது. இக்கார்களைக் குட்டையான ஸ்பிரிங் இட்டுத் தாழ்த்துவதைவிட, முற்காலக் காரின் முன் குறுக்கு உத்திரத்தைப் பொருத்துவதே கரங்களின் இயற்கையான கோணத்தைக் காக்கும் வழி. ஸ்டியரிங் தண்டின் இணைப்புக் கோணத்தை மட்டும் கவனித்துச் சரிசெய்தல் வேண்டும்.

ஷாக் அப்சார்பர்

வேண்டிய அடக்கு சக்தி ஸ்பிரிங் வலிமையின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. மேலே கூறியவாறு வலிமை 46 சதவீதம் கூடின் அடக்கு சக்தி 21 சதவீதம் கூடவேண்டும். நெம்புகர வகையில் இதற்கென வால்வுகளை மாற்றிச் செப்பனிடுதல் நேரிய வழி; தடித்த எண்ணெய் ஊற்றுதல் ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒருசேரத் தடையைக் கூட்டிவிடுவதால் தாழ்ந்த வழியே. குழாய் வடிவான டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பர் எண்ணெயை மிகுதியாகக் கொண்டு வெப்பத்தைத் தாங்குமாயினும், முன்புறத்தில் பழைய நெம்புகரத்தை மேல்கரமாக வைத்துக்கொண்டே அதனையும் கூட்டவேண்டியிருப்பதால் பாரமும் சிக்கலும் பெருகுகின்றன. சாலையில் ஓடும் காருக்கு, செப்பனிட்ட நெம்புகர அடக்கியே போதுமானது. கீழ்க்கரத்தின் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருப்பின் எந்த அடக்கியும் பயன் தராது; எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காரின் புஷ்களை அவ்விடத்தில் இடுதல் நற்பயன் அளிக்கும். வேலை முடிந்ததும் சக்கரக் கோணங்களையும் முகவிளக்கின் நோக்கையும் மீண்டும் சரிபார்த்தல் அவசியம்.

இக்கால நிலை

1988 முதல் இக்காரின் உடற்கூடு புதிதாகவே செய்யப்பெறுகிறது; 1992இல் வெளிவந்த ஆர்.வி.8 ரகம் டெலஸ்கோபிக் முறையைக் கைக்கொண்டது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இன்றும் பல வலிமைகளில் கிடைக்கின்றன.