78 பேரும் ஒரு கையெழுத்தும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவர் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். பெயர் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்றார். அவர் போன பிறகு இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நம் வகுப்பின் வழக்கப்படி முதலில் சரித்திரம்.

அமெரிக்காவின் வடமேற்கில் மொன்டானா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பரந்த புல்வெளி, மாட்டுப் பண்ணைகள், பியூட் நகரத்தில் செம்புச் சுரங்கங்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. அங்கே ஜெர்மனியிலிருந்து குடியேறிய விவசாயிகள் நிறைய. சுரங்கத் தொழிலாளர் சங்கமும் வலுவாக இருந்தது. இந்த இரண்டு தரப்பின் மீதும் சந்தேகம் கிளம்பியது. 1917 ஆகஸ்டில் ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை முகமூடிக்காரர்கள் இரவில் இழுத்துக்கொண்டு போய்த் தூக்கில் தொங்கவிட்டார்கள். கொன்றவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் ஆறு மாதத்தில், பேசுகிறவர்களைத் தண்டிக்க ஒரு சட்டம் வந்தது.

1918 பிப்ரவரியில் வந்த அந்த ராஜதுரோகச் சட்டப்படி, போர் நடக்கும் காலத்தில் அரசாங்கத்தையோ, கொடியையோ, படையையோ, ஏன், சிப்பாயின் சீருடையையோகூட இழிவாகப் பேசினால் 20 ஆண்டு வரை சிறை, 20,000 டாலர் வரை அபராதம். சில மாதங்களில் மத்திய அரசும் கிட்டத்தட்ட இதே வாசகங்களை எடுத்து நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது.

யார் மாட்டினார்கள்? குண்டு வைத்தவர்களோ உளவாளிகளோ அல்லர். சாராயக் கடையில் இரண்டு மிடறு உள்ளே போனதும் வாயை விட்டவர்கள், விவசாயிகள், வண்டியோட்டிகள், கூலி வேலை பார்த்தவர்கள். பென் கான் என்று ஒரு மது விற்பனைப் பிரதிநிதி ரெட் லாட்ஜ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். போர்க்கால உணவுக் கட்டுப்பாடெல்லாம் பெரிய வேடிக்கை என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். அதற்கு ஏழரை ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை தண்டனை! கிட்டத்தட்ட மூன்று ஆண்டு உள்ளே இருந்துவிட்டு வந்தார். ஹெர்மன் பௌஷ் என்ற ஜெர்மானிய விவசாயி, போரே தவறு என்று நம்பியவர். போர்க் கடன் பத்திரம் வாங்க மாட்டேன் என்றார். அவரும் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். இப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் மொத்தம் 79 பேர். அவர்களில் 41 பேர் சிறைக்கே போனார்கள்.

போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது. சிறைக்குப் போனவர்களும் பிறகு விடுதலை ஆனார்கள். ஆனால் வழக்குக் கட்டில் எழுதிய பெயர் எழுதியபடியே இருந்தது. ஒரே ஒருவருக்கு மட்டும் அந்தக் காலத்திலேயே மன்னிப்புக் கிடைத்தது. மீதி 78 பேரும் குற்றவாளி என்ற பெயரோடே செத்தும் போனார்கள்.

எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மொன்டானா பல்கலைக்கழகத்தில் கிளெமன்ஸ் வொர்க் என்ற இதழியல் பேராசிரியர் இந்த வழக்குகளைத் தோண்டி எடுத்து ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இதைச் சரி செய்ய இப்போது ஏதாவது செய்ய முடியுமா? அதே பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஜெஃப்ரி ரென்ஸ் அந்தக் கேள்வியைத் தன் மாணவர்களுக்கு வேலையாகக் கொடுத்தார்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சட்டம் படிக்கிற பிள்ளைகளும் இதழியல் படிக்கிற பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பழைய நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டினார்கள். தண்டிக்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினார்கள். மன்னிப்பு மனுவைத் தயாரித்து ஆளுநரிடம் கொண்டுபோனார்கள். அப்போதைய ஆளுநர் பிரையன் ஷ்வைட்சரின் முன்னோர்களும் ஜெர்மன் பேசும் குடியேறிகள்தான். 2006 மே 3ஆம் தேதி, ஹெலினா நகரத்தில் உள்ள தலைமைச் செயலகத்தில், 78 பேருக்கும் மன்னிப்பு வழங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டதோடு நிற்கவில்லை. மாநிலத்தின் சார்பில் தானே மன்னிப்பும் கேட்டார். அதைப் பார்க்க அந்தக் குடும்பங்களிலிருந்து பலர் வந்திருந்தார்கள்.

"செத்தவனுக்கு மன்னிப்புக் கொடுத்து என்ன சார் பிரயோஜனம்?" என்று நம் வகுப்பில் யாராவது நிச்சயம் கேட்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. செத்தவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் 'இவர் குற்றவாளி' என்று ஒரு வரி இருக்கும்வரை, அந்த ஏடு பொய்யைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை அழிக்கிற அதிகாரம் கையெழுத்துப் போடுகிறவரிடம்தான் இருக்கிறது. ஆனால் அவர் தானாகப் போட மாட்டார். யாராவது மனுவை எழுதிக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். மொன்டானாவில் அதை நீட்டியவர்கள் இருபது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்.

நம் ஊர்க் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். எட்டாம் வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு ராஜதுரோகக் குற்றத்துக்காக நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கிழுத்த செம்மல் என்று சொல்லி, அந்த இடத்தோடு பாடத்தை முடித்துவிடுவேன். மணியும் அடித்துவிடும்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாக நடத்தவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சிறைக்கதவு திறந்தது, ஆனால் தண்டனை முடியவில்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. ஊரையே வாதாடி ஜெயித்தவர் சென்னையில் சில்லறை வியாபாரம் பார்த்துக் கஷ்டப்பட்டார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியதால்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்த மனிதர், ஒரு வெள்ளைக்காரர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார் என்றால், அந்த ஒரு கையெழுத்து அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்!

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டனைக் குறைப்பு வேறு, மன்னிப்பு வேறு. நம் அரசியலமைப்பில் குடியரசுத் தலைவருக்கு 72ஆம் பிரிவிலும், ஆளுநருக்கு 161ஆம் பிரிவிலும் இந்த அதிகாரம் இருக்கிறது. இரண்டு பேரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். 1961இல் உச்ச நீதிமன்றத்துக்கு அஸ்ஸாமிலிருந்து ஒரு தேர்தல் வழக்கு வந்தது. மூன்று ஆண்டு தண்டனை பெற்ற ஒருவரை, இரண்டு ஆண்டு முடியும் முன்பே அரசாங்கம் மீதியைத் தள்ளுபடி செய்து வெளியே விட்டிருந்தது. அவர் தேர்தலில் நிற்கலாமா? கூடாது என்றது நீதிமன்றம். தள்ளுபடி என்றால் மீதி நாளை அனுபவிக்க வேண்டாம், அவ்வளவுதான். தீர்ப்பும் தண்டனையும் ஏட்டில் அப்படியே இருக்கும். முழு மன்னிப்புதான் குற்றத்தையே துடைக்கும். நம் ஆட்கள் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

சரி, இனி அந்த மாணவருக்கு வருகிறேன்.

அவருக்குப் பத்தொன்பது வயது. ஊர்த் திருவிழாவில் ஆலமரத்தடியில் நாலைந்து பையன்களோடு காசு வைத்துச் சீட்டு ஆடியிருக்கிறார். போலீஸ் பிடித்தது. "குற்றத்தை ஒத்துக்கோ, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நீதிமன்றத்தில் தலையாட்டி, சில நூறு ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதோடு விட்டது என்று நினைத்தார். ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து அரசு வேலைக்குத் தேர்வானார். விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். போலீஸ் விசாரணையில் பழைய வழக்கு வெளியே வந்தது. வேலை போனது. சீட்டு ஆடியதைவிட, மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் போய்விட்டது.

மேலதிகாரிகளுக்கு மனுப் போட வேண்டும், நன்னடத்தைக் கடிதம் ஒன்று தாருங்கள் என்று என்னிடம் வந்தார். திண்ணையில் நின்றுகொண்டே கேட்டார். உட்காரக்கூட நான் சொல்லவில்லை. "வழக்குன்னு ஒண்ணு இருக்கேப்பா, நான் எப்படி எழுதறது?" என்றேன். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

வகுப்பில் வ.உ.சி.யைச் சொல்லும்போது கண் கலங்குகிற வாத்தியார் நான். என் முன்னால் நின்ற பையனுக்கு ஒரு கையெழுத்துப் போட எனக்குத் துணிவில்லை. என் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம்தான். வேறு காரணம் இல்லை. கடிதம் கொடுத்திருந்தால் வேலை கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால், 'இந்தப் பையனை எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருப்பார்.

பின்னாளில் 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகவே சொன்னது. இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரிச் சின்னக் குற்றம், அதை மறைத்திருந்தாலும், வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது. 1958இலிருந்தே நன்னடத்தைச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. முதல் தடவை சின்னத் தவறு செய்தவரைக் கண்டித்தோ, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியோ நீதிபதி அனுப்பலாம். அப்படி அனுப்பப்பட்டால், தண்டனையால் வரும் தகுதி இழப்பு அவரைத் தொடராது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பையன் அன்று நீதிமன்றத்தில் தலையாட்டும் முன்னால் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கச் சொல்ல ஆள் இல்லை.

பிள்ளைகளே, உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், காவல்துறையில் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். தெரிந்த பையன் யாராவது 'ஃபைன் கட்டிட்டு வந்துடறேன்' என்றால், முதலில் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். வசதியற்றவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். திருந்தி வாழ்கிற ஒருவர் உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

போன வாரம் தட்டை வாங்கிக்கொண்டு, "அன்னைக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கணும்ப்பா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். இப்போது சொந்தமாக இரண்டு வேன் ஓட்டுகிறார். "அதெல்லாம் பழசு சார், நீங்க கல்யாணத்துக்கு வந்து முன்னால உக்காந்தாப் போதும்" என்றார்.

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. நாலரைக்கே எழுந்து கிளம்பப் போகிறேன்.

அனைவருக்கும் என் ஆசிகள். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.