தோட்டப் பாடசாலையில் வினா: ஒரு வரலாற்று நோக்கு

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வினாவினை ஆறாக வகுத்தார். அவற்றுள் விடையறிந்த ஆசிரியன் மாணவனிடம் கேட்பது அறிவினா. அறியாத மாணவன் ஆசிரியனிடம் கேட்பது அறியாவினா. ஒரு செயலைச் செய்விக்கக் கேட்பது ஏவல் வினா. வகுப்பறையில் எவ்வினா மிகுதியும் ஒலிக்கின்றது என்பதைக் கொண்டு அங்கு நிகழும் கல்வியின் தன்மையை அறியலாம். நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவோம்.

1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பிள்ளையின் உழைப்பை எதிர்பார்த்து நின்ற நிர்வாகமே அதன் கல்விக்கும் பொறுப்பாயிற்று. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்பதே பெரும்பாலும் அமைந்த நிலை. ஒரு வகுப்பைக் கணக்கில் அமர்த்தி, மறு வகுப்பை வாய்ப்பாடு ஒப்புவிக்கச் செய்த ஆசிரியருக்கு, ஒரே விடையுடைய அறிவினாவே கைகொடுத்தது. அவரைக் குறைகூறுதல் தகாது. அறியாவினாவுக்குச் செவிசாய்க்க அவருக்கு நேரமில்லை.

பாடசாலைக்கு வெளியே ஏவல் வினாவே ஆட்சி செய்தது. கொழுந்து எத்தனை இறாத்தல் என நிறுப்பவர் கேட்பார், தாய் விடையிறுப்பாள். தனக்கு ஏன் அரைப்பேர் போடப்பட்டது எனத் தாய் திருப்பிக் கேட்பது எளிதன்று.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அரச அமைப்புக்குப் புறம்பாகவே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் பாடசாலைகளும் பெருமளவில் அரசின் பொறுப்பிற்கு வந்தன. 1990களில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கியது. கட்டடமும் ஆசிரியரும் பெருகினமை மறுக்கவியலாத முன்னேற்றமாகும். எனினும் வினாவின் இயல்பு தானே மாறிவிடுவதில்லை.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1974இல் வெளியிட்ட ஆய்வுகள் ஈண்டு கருதத்தக்கன. வினவிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவே என அவர் கண்டார். அதனை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவரின் விடைகள் விரிந்தன. அவர்கள் தாமாகக் கேட்கும் வினாக்களும் பெருகின. லயத்துப் பேச்சிலிருந்து நூற்றமிழுக்கு வரவேண்டிய பிள்ளையின் மௌனத்தை மந்தமெனக் கொள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிந்திக்க விடும் அச்சில விநாடிகளுக்குப் பெருஞ்செலவில்லை. ஏன் என வகுப்பறையில் கேட்டுப் பழகிய பிள்ளையே, நாளை அரைப்பேர் ஏன் எனக் கேட்கும் துணிவையும் பெறும்.