பெர்சிவல் பாதிரியாரும் அவர்தம் சைவ மாணவரும்

வாணியம்பாடியில் நம் பிள்ளைகள் இசுலாமியா கல்லூரியில் சேர்வது புதுமையன்று. 1919 முதல் இயங்கிவரும் கல்லூரி அது. ஆயினும், வேற்றுச் சமயத்தார் நடத்தும் இடத்தில் பயின்றால் பிள்ளையின் விசுவாசம் என்னாகும் என்ற அச்சம் சில பெற்றோர் உள்ளத்தில் எழாமலில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரை நினைத்துக்கொள்கிறேன். அவருடைய பள்ளியிலும் இதே அச்சம் இருந்திருக்கும். ஆனால் அஞ்சியவர்கள் சைவப் பெற்றோர்.

பெர்சிவல் 1803இல் பிறந்த ஆங்கிலேயர். மெதடிஸ்த சபைக் குரு. 1826இல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அச்சபை நடத்திவந்த ஆங்கிலப் பள்ளி 1834இல் அவர் தலைமையில் மத்திய பாடசாலையாயிற்று. இன்றைய மத்திய கல்லூரி அதுவே. அங்குப் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தவர் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை, பின்னாளைய ஆறுமுக நாவலர். விவிலியத்தைத் தமிழில் பெயர்க்க முற்பட்ட பாதிரியார், இச்சைவ இளைஞரையே தமக்குத் துணையாகக் கொண்டார். மதம் மாறினால்தான் வேலை என்று அவர் சொல்லவில்லை. அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

1848இல் நாவலர் பள்ளியை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். பாதிரிமாரிடம் பார்த்த பிரசங்கம், அச்சுக்கூடம், பாடநூல் ஆகிய மூன்றையும் சைவத்துக்கு ஆக்கினார். 1854இல் வெளிவந்த 'சைவ தூஷண பரிகாரம்' நூலில், பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டையே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளுக்காக வாதாடினார். விவிலியத்தை வரிவரியாய் அறிந்தவரல்லவா!

1850இல் அச்சான மொழிபெயர்ப்போ சபையாரின் உள்ளத்தைக் கவரவில்லை. 'தற்காலிகப் பதிப்பு' என்ற பெயரோடு நின்றுவிட்டது. 1871இல் பவர் ஐயர் குழுவின் பதிப்பு அதன் இடத்தைப் பிடித்தது. நாமும் அவர்களும் ஒரே விவிலியத்தைக் கையிலெடுக்க 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.

பெர்சிவல் பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். 1855இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கினார். அதில் பணியாற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கிறித்தவராய்ப் பிறந்து சைவரானவர். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். சபையின் கணக்கேட்டில் இவ்விருவரும் இழப்புகளே, அதை மறைப்பதற்கில்லை. பாதிரியாரோ பழமொழி திரட்டுவதை விடவில்லை. 1842இல் வெளியிட்ட தொகுப்பை, 1874இல் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகளாக விரித்தார்.

நாவலர் 1879இல் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, சேலத்தை அடுத்த ஏற்காட்டு மலையில் பெர்சிவலும் கண்மூடினார்.