வீட்டுப் பரணில் இருப்பது எந்த நுரை?

கனடாவில் பழைய வீடு வாங்கும் நம் குடும்பங்கள், அட்டிக் எனப்படும் கூரைப் பரணில் குளிரைத் தடுக்க அடைத்திருக்கும் பொருளைக் கண்டு குழம்புவதுண்டு. அது எது என்பதை எப்படி அறிவது? முதலில் உள்ளே ஏறாமல், வாசலில் நின்றே டார்ச் அடித்துப் பார்ப்போம்.

மினுமினுக்கும் சிறு கூழாங்கற்கள் போல் கொட்டிக் கிடந்தால் அது நுரையல்ல, வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அச்சுரங்கம் 1990-ல் மூடப்பட்டது. இதைக் கிளறவே கூடாது. பிள்ளைகளைப் பரணில் ஏற்றக்கூடாது. அங்கே சாமான்களும் வைக்கக்கூடாது.

வெள்ளை அல்லது இளமஞ்சள் நிறத்தில், காய்ந்து சுருங்கி வெடித்து, லேசாகத் தொட்டாலே மாவாக உதிர்ந்தால், யூரியா ஃபார்மால்டிஹைடு நுரையாக இருக்கலாம். 1970-களில் பெரும்பாலும் சுவர்களில் துளையிட்டு இதைச் செலுத்தினர். ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்ததால் கனடா 1980 டிசம்பரில் தடை செய்தது. அமெரிக்கா 1982-ல் விதித்த தடையை, மறு ஆண்டே நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய நுரையிலிருந்து வாயுவின் பெரும்பகுதி எப்போதோ வெளியேறியிருக்கும். ஆனால் ஈரம் பட்டால் நுரை சிதையும். எனவே கூரை ஒழுக்கை உடனே அடைக்க வேண்டும்.

மரச்சட்டத்தோடு இறுக ஒட்டி, உதிராமல், மேலே வழவழப்பான தோலுடன் இருப்பது பாலியூரித்தேன். இது தீப்பற்றினால் நச்சுப்புகை கக்கும்.

கண் பார்வை முதல் படி மட்டுமே. இடிக்கும் முன், துளையிடும் முன், ஆய்வகச் சோதனையால் உறுதி செய்துகொள்வோம்.