சூறாவளியும் வளவு மூலைக் குடிலும்

இல்லறத்தை நடாத்தி முடித்தோர் பொறுப்பை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு வானப்பிரத்தம் புகவேண்டும் என்பது நமது முன்னோர் வகுத்த முறை. மட்டக்களப்பு நாட்டிலே அந்த வனம் தொலைவில் இருந்ததில்லை. வளவின் மூலையிலேயே இருந்தது. மகளுக்குக் கலியாணமானால் வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாகும். பெற்றோர் காலப்போக்கில் அதே வளவிலோ அயலிலோ சிறு குடிலொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவர். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராருக்கும் இவ்வழக்கம் பொதுவானது. நற்பிட்டிமுனை போன்று இரு சமூகத்தவரும் அயலயலாக வாழும் ஊர்களில் இதனை நன்கு காணலாம்.

இக்குடிலே நமது பழைய வயோதிபர் இல்லம் எனலாம். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவருக்கு ஓய்வூதியம் உண்டு. கமக்காரருக்கும் மீன்பிடிப்போருக்கும் அன்று அது இல்லை. அவர்களிற் பலருக்குத் தென்னையே ஓய்வூதியம். காயை விற்றால் கைச்செலவுக்குக் காசு. ஓலையைப் பின்னினால் கூரைக்குக் கிடுகு. மட்டையும் பாளையும் அடுப்புக்கு விறகு.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி இந்த ஏற்பாட்டின் அடிவேரையே அசைத்துவிட்டது. 1907 மார்ச்சிலும் மட்டக்களப்பை ஒரு சூறாவளி தாக்கியதுண்டு. ஆனால் இடையில் 71 ஆண்டுகள் கடந்துவிட்டன. எண்பதை எட்டிய முதியோர்தாம் முன்னையதை நினைவில் வைத்திருக்கக்கூடியவர்கள். சூறாவளியின் கண் ஓரிடத்தைக் கடக்கும்போது காற்று ஓய்ந்துவிடும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து மூர்க்கமாய்த் திரும்பி வீசும். ஓய்ந்ததென்று எண்ணி வெளியே வருவோருக்கு அதுவே ஆபத்து. இத்தகைய அறிவு ஒரு தலைமுறையோடு மறைந்துபோனால் அடுத்த தலைமுறை உயிரைக் கொடுத்தே அதனை மீளக் கற்க வேண்டியதாகும்.

அந்த அனர்த்தத்தில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்து இலட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டனர். ஏறக்குறைய இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது.

இக்கடைசிக் கணக்கை முதியோரின் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். குடில் விழுந்தால் மகள் வீட்டில் ஒதுங்கலாம். ஆனால் மகள் வீட்டுக் கூரையும் அன்றே பறந்தது. அயலாரிடம் போகலாம், அயலாரும் அதே நிலையில் நின்றனர். விழுந்த மரங்களின் ஓலையைப் பின்னி ஒரு தடவை கூரை வேயலாம். கிடுகோ நெடுங்காலம் நில்லாது. அடுத்த தடவை வேய ஓலைக்கு எங்கே போவது? புதிதாய் நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். முப்பது வயதினனுக்கு அது பொறுத்திருக்கக்கூடிய காலம். எழுபது வயதினருக்கு அப்படியன்று. ஆயினும் நடாதுவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் மரம் இல்லை. தாம் காய் பறிக்கப்போவதில்லை என்று அறிந்தும் பிள்ளை நடுவதே முதியோருக்கு எஞ்சிய அறம்.

குடும்பமொன்றே முதுமைக்குக் காப்பு என்ற எண்ணம் போதாது என்பதை நாடு பையப் பையவே உணர்ந்தது. கமக்காரருக்கான ஓய்வூதியச் சட்டம் 1987இல் வந்தது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கிக் கல்முனைக் கரையோரத்தை அழித்த பின்னரே, 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் உண்டாயிற்று. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் சட்டம் ஏணி வைத்து ஓடு மாற்றாது.

இன்று பல வீடுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மகளும் மருமகனும் கடல் கடந்து வாழ்கின்றனர். மூலைக் குடிலுக்குப் போகவேண்டிய முதியோர் பெரிய வீட்டில் தனித்திருக்கின்றனர். காசு வருகிறது, கூரையில் ஏற ஆள் இல்லை.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும், மழைக்கு முன்பாக, ஊரில் தனித்திருக்கும் முதியோரின் வீடுகளைச் சுற்றி வருவோம். தளர்ந்த தகரத்தை இறுக்குவோம். உடைந்த ஓட்டை மாற்றுவோம். கூரைமேற் சாய்ந்த கிளையைத் தறிப்போம். காற்று மூர்க்கமானால் இன்னாரை இன்னார் அழைத்துச் செல்வதென்று முன்கூட்டியே வகுத்துவைப்போம். எந்த மதத்தவர் வீடு என்று பார்க்க வேண்டியதில்லை. 1978இல் காற்றும் அப்படிப் பார்க்கவில்லை. திரும்பும்போது வளவில் ஒரு தென்னம்பிள்ளையும் நட்டுவிட்டு வருவோமாக.