எங்க ஊரு அடுப்பு மாறின கதை

எங்க கரிசக்காட்டுப் பக்கம் முந்தி எல்லா வீட்டிலும் மண்ணில் போட்ட கொடியடுப்புதான். ஒரே தீயில் பெரிய வாயில் சோறு வேகும், பக்கத்துச் சின்ன வாயில் குழம்பு கொதிக்கும். எரிக்கிறதுக்குப் பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும். புகை பூரா பொம்பளைங்க கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான். எங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் இருமல் விடலை. அப்புறம் ரேஷன் மண்ணெண்ணெயில் திரி ஸ்டவ் வந்தது, அது அவசரத்துக்கு மட்டும்.

2006 தேர்தலுக்குப் பிறகு கலைஞர் அரசு ஏழை வீடுகளுக்கு இலவச காஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. நடுவில் கரண்ட் அடுப்பும் கடைக்கு வந்தது. ஆனா 2012 மின்வெட்டைப் பார்த்தவங்க அதை நம்பி உலை வைப்பாங்களா? காஸ்தான் நின்னது.

இப்போ கரண்ட் பரவாயில்லை. 2016-ல் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு கொடுத்தாங்க. ஆனா 2000 வாட் இண்டக்‌ஷன் முழுச் சூட்டில் தினம் ஒரு மணி நேரம் ஓடினா, ரெண்டு மாசத்தில் 120 யூனிட். அந்த 100 யூனிட் அடுப்புக்கே பத்தாது. மண்சட்டியும் அதில் சூடேறாது.

பட்டணத்தில் நீங்க காஸா கரண்டான்னு யோசிக்கிறீங்க. இங்கே சிலிண்டர் விலை ஏறுற மாசம், சில வீட்டுக் கொல்லையில் மறுபடியும் விறகடுப்பு புகையுது.